அன்னபூரணி ஏற்றிய சரக்கு

1938 ஆகஸ்ட் 1ஆம் தேதி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் உள்ள குளோஸ்டர் துறைமுகத்துக்கு இரட்டைப் பாய்மரக் கப்பல் ஒன்று வந்து சேர்ந்தது. நீளம் 89 அடி. பெயர் ஃப்ளாரன்ஸ் சி. ராபின்சன். பாஸ்டன் பத்திரிகை செய்தி போட்டது. கரையில் கூடியவர்களுக்குக் கப்பலைவிட அதில் வந்த மனிதர்கள்தான் வேடிக்கையாக இருந்திருப்பார்கள். கப்பல் தலைவரான தண்டையல் தம்பிப்பிள்ளையும் உடன் வந்த மாலுமிகளும் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக்காரர்கள். கொழும்பை விட்டு அவர்கள் கிளம்பியது 1937இல். செங்கடல், சூயஸ், மத்தியதரைக் கடல், பிறகு அட்லாண்டிக். கப்பலின் பழைய பெயர் அன்னபூரணி அம்மாள்.

வாங்கியவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன். 1928இலிருந்து 1931 வரை 'ஸ்வாப்' என்ற சின்னஞ்சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றிப் பெயர் வாங்கியவர். 1934இல் காலபகோஸ் தீவில் குடல்வால் வெடித்துச் சாகக் கிடந்தபோது அமெரிக்கக் கடற்படை போய்த் தூக்கி வந்ததால், பத்திரிகை படிக்கும் அமெரிக்கர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். மனைவி ஃப்ளாரன்ஸ், சிகாகோவின் கிரேன் குடும்பத்துப் பெண். குழாயும் வால்வும் செய்து கோடீஸ்வரர்களான குடும்பம் அது. அன்னபூரணி அம்மாளுக்கு அந்தப் பெண்மணியின் பெயரே சூட்டப்பட்டது. ஓர் அம்மாளை எடுத்துவிட்டு இன்னோர் அம்மாளை வைத்ததில் ராபின்சனுக்கு உறுத்தல் ஏதும் இருந்திருக்காது.

இந்தக் கதையை வல்வெட்டித்துறையில் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள். சொல்ல வேண்டிய கதைதான். ஆனால் எங்கே யார் எழுதினாலும் கதை 1937இல் கொழும்பில்தான் தொடங்குகிறது. கப்பலோ 1930 வாக்கிலேயே கட்டி முடிக்கப்பட்டு இறங்கிவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அது என்ன செய்துகொண்டிருந்தது? சரக்கு ஏற்றியது, இறக்கியது, மறுபடி ஏற்றியது. அதுதான் அதன் தொழில். அமெரிக்கா போனது தொழிலைவிட்டுப் போன கதை. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் முழுக்க யாரும் கண்டுகொள்ளாமல், வேலையைவிட்ட நாளிலிருந்து வரலாறு எழுதுகிறோம்.

வல்வெட்டித்துறையும் பக்கத்துத் தொண்டைமானாறும் கப்பல் கட்டிய ஊர்கள். கட்டிய இடம் கடற்கரை மணல். வரைபடம் கிடையாது, மேஸ்திரியாரின் கண்ணும் முழக்கயிறும்தான். வேப்ப மரம், இலுப்பை, பூவரசு இவையெல்லாம் ஊரிலும் வன்னியிலும் கிடைக்கும். இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கிளையைத் தேடி வெட்டுவார்கள். கப்பலின் விலா எலும்பான வங்குக்கு நேர்மரத்தை வளைத்துச் செதுக்கினால் இழை அறுந்துவிடும். வளர்ந்த வளைவு அறாது. கடல் வணிகத்துக்கு ஏற்ற கோணலை மரம் முப்பது நாற்பது வருஷம் முன்பே போட்டு வைத்திருக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் மேஸ்திரியாரின் வித்தை. கப்பல் சாத்திரம் என்ற சுவடி சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் மூலம் அச்சாகியிருக்கிறது. மரத்தில் கணு எங்கே விழுந்தால் என்ன பலன், எந்த நாளில் கப்பலின் அடிமரமான ஏரா போடலாம் என்றெல்லாம் அதில் வரும். சோதிடம் என்று ஒதுக்கிவிடலாம். கணு இருக்கும் இடத்தில் பலகை பிளக்கும் என்பது தச்சனுக்குத் தெரியும். முதலாளிக்குச் சோதிடமாகச் சொன்னால்தான் அந்தப் பலகையை மாற்றக் காசு வரும் என்பதும் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

பலகைகளைப் பொருத்திய பிறகு கலப்பத்து. பஞ்சை எண்ணெயில் தோய்த்துத் திரித்து, பலகைக்கும் பலகைக்கும் நடுவே உளியும் கொட்டாப்புளியும் வைத்து அடித்து இறக்குவது. தூத்துக்குடிப் பழைய துறைமுகப் பக்கம் தோணி கரையேறிக் கிடக்கும்போது இதைப் பார்க்கலாம். இரண்டு மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து அடிப்பார்கள். பஞ்சு தளர்வாக இருக்கும்வரை அடி மந்தமாகக் கேட்கும். இறுகி நிரம்பியதும் சத்தம் கணீரென்று மாறும். கையை நிறுத்திவிட்டு அடுத்த சாணுக்கு நகர்வார்கள். யாரும் குனிந்து பார்ப்பதில்லை. மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூச்சு. அடிப்பாகத்தில் மரத்தைத் துளைக்கும் கடற்புழு ஏறாமலிருக்கச் சுண்ணாம்பைக் கொழுப்பில் குழைத்துத் தடவுவார்கள். இதெல்லாம் ஒரு முறை செய்து முடிந்துபோகிற வேலை அல்ல. வருஷாவருஷம் செய்ய வேண்டும். மரக்கப்பல் என்பது கட்டி முடிக்கப்படுவதே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

அந்தக் கரையில் நீராவிக் கப்பல் வந்து நூறு ஆண்டுக்குப் பிறகும் பாய் எப்படி ஓடியது என்று யாரும் கேட்பார்கள். பாக் நீரிணை ஆழமில்லாத கடல். பாம்பனில் பெரிய கப்பல் நுழைய முடியாது. தூத்துக்குடியிலிருந்து சென்னை போகும் பெரிய கப்பல் இலங்கையைச் சுற்றித்தான் போயாக வேண்டும். கல்லும் மணல் திட்டுமாகக் கிடக்கும் அந்தத் தண்ணீரில் குறைந்த மிதவை ஆழமுள்ள மரக்கப்பல்களுக்குப் போட்டியே இல்லை. கரைக்கு அருகில் போய் நிற்கலாம். வள்ளத்தில் சரக்கை இறக்கலாம். கிரேன் வேண்டாம், ஜெட்டி வேண்டாம், நிலக்கரியும் வேண்டாம். காற்றுக்கு மட்டும் காத்திருக்க வேண்டும். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று எழும்பினால் வங்கக் கடலைக் குறுக்காகக் கடந்து அக்யாப், ரங்கூன் போகலாம். வடகிழக்கு வாடை விழுந்த பிறகு அரிசியோடு திரும்பலாம். யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போயிற்று. பனைமரம் சோழமண்டலக் கரைக்குப் போயிற்று. ஓடு, கருவாடு, கொப்பரை, தேக்கு எல்லாமே இந்தக் கப்பல்களின் வயிற்றில் கிடந்தவைதான்.

சரக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடல் கதைகளில் புயலும் பாறையும் வருகிற அளவுக்குச் சரக்கு வருவதில்லை. ஆனால் மரக்கப்பலைக் கொல்ல வெளியிலிருந்து எதுவும் வர வேண்டியதில்லை. ஏற்றிய சரக்கே போதும். அரிசி மூட்டைக்குத் தண்ணீர் பட்டால் ஊதும். இடம் நெருக்கி அடுக்கிய அரிசி ஊதினால் உள்ளிருந்தே பலகையைத் தள்ளும்; கலப்பத்து விடும்; விட்ட இடத்தில் இன்னும் தண்ணீர் வரும்; அரிசி இன்னும் ஊதும். உப்பு அதற்கு நேர்மாறு, கரைந்து காணாமல் போகும். முதல் காணாமல் போவதோடு, ஒரு பக்கம் கனம் குறைந்து கப்பல் சாயும். சுட்ட சுண்ணாம்பில் ஈரம் இறங்கினால் கொதிக்கும். மரக்கப்பலில் அதைவிட மோசமான செய்தி கிடையாது. சரியாகக் காயாத கொப்பரை தானாகவே சூடேறும். ஓடு பத்திரமான சரக்கு என்று தோன்றும். அடுக்கில் வைக்கோல் போதாமல் ஒரு வரிசை நகர்ந்தால் அலை ஒன்றுக்குக் கப்பல் சரிந்து நிமிராமலே போகலாம். இவ்வளவையும் தண்டையல் கரையிலேயே யோசிக்க வேண்டும். எது அடியில், எது மேலே, எதையும் எதையும் சேர்த்து வைக்கக் கூடாது என்று. நடுக்கடலில் நெருக்கடி என்றால் எதை முதலில் கடலில் தள்ளுவது என்பதையும் சேர்த்து. மேலே கிடப்பதைத்தானே தள்ள முடியும்! அதனால் ஏற்றும்போதே தள்ள வேண்டியதைத் தீர்மானித்தாகிறது. யாருடைய மூட்டை மேலே என்பதில் கரையில் எத்தனை பேச்சு நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

நான் இருப்பது சேரப்பணஞ்சேரி. கடல் இங்கிருந்து வெகுதூரம். ஆனால் கப்பல் சரக்கு இரவும் பகலும் வாசலைக் கடந்து போகிறது. வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்துக்குப் போகும் வழியில் ஊர் இருப்பதால், கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் ஓய்வதில்லை. ஒரகடத்தில் செய்த கார்கள் எண்ணூர் துறைமுகம் வழியாக வெளிநாடு போகின்றன. டீக்கடையில் நிற்கும் டிரைவரிடம் "என்ன லோடு?" என்று கேட்டால், "சீல் போட்டது சார், நமக்கு எங்க தெரியும்" என்பதுதான் பதில். அவர் சொல்வது உண்மை. அவருக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. இருபதடிப் பெட்டியில் 28 டன் வரை போகும். 300 டன் பிடிக்கும் ஒரு தூத்துக்குடித் தோணியின் முழுச் சரக்கு பதினோரு பெட்டியில் அடங்கிவிடும்; அந்தப் பதினோரு பெட்டியை எங்கள் ஊர் சிக்னலில் ஒரே நேரத்தில் பார்த்துவிடலாம். பெட்டிக்குள் இருப்பது பெட்டியோடு நிற்கும். கப்பலுக்கும் சரக்குக்கும் இனி எந்தத் தனிப்பட்ட பகையும் இல்லை. நல்ல விஷயம்தான், உயிர்ச்சேதம் குறைகிறது. ஆனால் சுமப்பவன் சுமக்கிற பொருளை அறிந்திருந்த ஒரு தொழில் அறிவு இருந்ததே, அது அப்படியே தேவையில்லாமல் போயிற்று. இன்னொன்று, தமிழ்நாட்டுப் பெட்டிகளில் பல கொழும்பு போய்த்தான் அங்கிருந்து பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. தோணி போன அதே வழி!

அன்னபூரணி விலைபோனது ஒரு கப்பலின் இழப்பு. மற்றக் கப்பல்கள் எப்படிப் போயின? புயலில் போனவை உண்டு. எல்லாக் காலத்திலும் உண்டு. அதற்காகத் தொழில் நின்றதில்லை, அடுத்த கப்பலுக்கு ஏரா போடுவார்கள். நின்றது வேறு காரணங்களால். 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். பர்மா அரிசி அந்த மாதத்தோடு நின்றது. ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை வங்கக் கடலுக்குள் வந்து இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. அதே ஆண்டு வங்காளக் கரையில் பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளை எல்லாம் எதிரி கைக்குப் போகக்கூடாதென்று ஆங்கில அரசே பறித்து அழித்தது. அடுத்த ஆண்டுப் பஞ்சத்தில் அதற்கும் பங்கு உண்டு என்பது பிறகு வந்த ஆய்வுகளில் பேசப்பட்டது. சிறு கப்பல்களின் வலையில் ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கத்தில் யாருக்கோ சோறு இல்லை.

போர் முடிந்ததும் காற்று பழையபடிதான் வீசிற்று. கரைகள் மாறிவிட்டன. 1948இல் இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தையும், குடிவரவு குடியகல்வுச் சட்டத்தையும் கொண்டுவந்தது. கோடியக்கரையும் வேதாரண்யமும் நாகப்பட்டினமும் வல்வெட்டித்துறைக்கு அக்கரை என்பதுபோய் வெளிநாடு ஆயின. பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும், இறக்குமதி உரிமம் வேண்டும். கொழும்பில் இருக்கிற கம்பெனி இதையெல்லாம் வாங்கிவிடும். எண்பது அடிக் கப்பல் வைத்திருக்கும் ஊர்க்காரர் வாங்க மாட்டார். அப்பன் ஓட்டிய அதே வழியில் அதே புடவையையும் அதே பீடி இலையையும் மகன் கொண்டுபோனபோது அவன் பெயர் கடத்தல்காரன். ஊரின் பெயரும் அப்படியே ஆயிற்று. கடலில் கோடு போட்டவர்களில் யாரும் அந்தக் கடலில் ஓர் இரவு படுத்தவர்கள் இல்லை என்று கோபப்படத் தோன்றுகிறது. கோபப்பட்டு என்ன, சுதந்திரம் பெற்ற எல்லா நாடும் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள். நம் பக்கமும் சுங்கத் துறை சும்மா இருக்கவில்லை.

இந்தக் கப்பல்களின் காகிதங்கள் ஆவணக் காப்பகங்களில் அதிகம் கிடையாது. பற்றுவரவு நோட்டு, சரக்குச் சீட்டு, பங்குதாரர் ஒப்பந்தம் எல்லாம் வீட்டுப் பெட்டகத்தில் இருப்பவை. 1989 ஆகஸ்டில் இந்திய அமைதிப்படை வல்வெட்டித்துறைக்குள் புகுந்தபோது அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், வீடுகள் எரிக்கப்பட்டன. உயிர்களின் கணக்குக்கு முன்னால் காகிதத்தைப் பற்றிப் பேசுவது சரியில்லைதான். ஆனால் வீடு எரிந்தால் பெட்டகமும் எரியும். வேலை செய்த கப்பல்களைப் பற்றி நாம் ஏன் இவ்வளவு குறைவாக அறிந்திருக்கிறோம் என்று கேட்கும்போது, அதற்கு அலட்சியம் மட்டும் காரணம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அன்னபூரணி குளோஸ்டரில் போய் நின்ற அதே 1938ஆம் ஆண்டு அக்டோபரில், குளோஸ்டர் பக்கத்துக் கடலிலும் பாஸ்டன் கடலிலுமாக மீன்பிடி ஸ்கூனர்களின் கடைசிப் பன்னாட்டுப் பந்தயம் நடந்தது. குளோஸ்டரின் கெர்ட்ரூட் தெபோவைக் கனடாவின் புளூநோஸ் தோற்கடித்தது. புளூநோஸ் நோவா ஸ்கோஷியாவில் 1921இல் கட்டப்பட்ட ஸ்கூனர். மீன்பிடிப்பதற்கும் பந்தயத்துக்குமாகக் கட்டியது; இரண்டிலும் பேர் வாங்கியது. 1937 முதல் கனடாவின் பத்து செண்ட் காசில் இருப்பது அந்தப் பாய்க்கப்பல்தான் என்பது ஊரறிந்த சங்கதி. அவ்வளவு புகழ் இருந்தும் என்ன, 1942இல் கடனை அடைக்க அதை விற்றார்கள். வாங்கியவர்கள் கரீபியன் தீவுகளுக்கு நடுவே சரக்கு ஏற்ற விட்டார்கள். 1946 ஜனவரி 28ஆம் தேதி ஹெய்ட்டிக் கரையோரப் பவளப் பாறையில் மோதி உடைந்தது. கனடாக்காரர்கள் அந்தக் கடைசி நாலு வருஷத்தைப் பற்றிச் சங்கடத்தோடு பேசுகிறார்கள், ராணியைக் கூலி வேலைக்கு அனுப்பியதுபோல. 1963இல் புதிதாகப் புளூநோஸ் 2 கட்டி மிதக்கவிட்டார்கள்.

எனக்கு அந்த நாலு வருஷம்தான் மதிப்பாகப் படுகிறது. பந்தயம் ஓடும்போது கூட்டம் இருந்தது. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குச் சாமான் கொண்டுபோனபோது கரையில் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். அன்னபூரணி சரக்குக் கப்பலாகப் பிறந்து சீமாட்டி பெயரில் உல்லாசக் கப்பலானது. புளூநோஸ் புகழோடு பிறந்து சரக்குக் கப்பலாகச் செத்தது. ஒன்றின் ஏற்றமும் மற்றதன் இறக்கமும் யார் பார்வையில் என்று கேட்டுப் பார்க்கலாம். டொராண்டோவில் இன்று வல்வெட்டித்துறைக் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. காபிக்குச் சில்லறை கொடுக்கும்போது அவர்கள் கையில் வருவது ஒரு ஸ்கூனர்.

நம் பக்கத்திலும் இதே கதைதான். தூத்துக்குடி - கொழும்பு கடல்வழி என்றதும் வ.உ.சி. வருகிறார், 1906இன் சுதேசிக் கப்பல் கம்பெனி வருகிறது, காலியாவும் லாவோவும் வருகின்றன. வரவேண்டியதுதான், நீராவிக்கு எதிராக நீராவி வாங்கிய துணிச்சல் சின்ன விஷயமில்லை. அந்த இரண்டு கப்பலுக்கும் நூறு நூறு ஆண்டு முன்பிருந்தே அந்த வழியில் தோணிகள் போய்க்கொண்டிருந்தன. அவை போன பிறகும் போயின. தூத்துக்குடிக் கடல் ஆழமில்லாததால் வெள்ளைக்காரனின் கப்பல் ஐந்தாறு மைல் தள்ளித்தான் நங்கூரம் போடும். பஞ்சும் உப்பும் தோணியில் ஏறித்தான் அதைத் தொட முடியும். பரதவத் தண்டல்களும் லஸ்கர் மாலுமிகளும் இல்லாமல் ஆங்கிலக் கம்பெனிக்கு ஒரு பொதிகூட ஏறியிருக்காது. 1974இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டதும் அந்த ஐந்தாறு மைல் வேலை ஒரேயடியாக முடிந்தது. கடலில் ஒரு தோணியும் கவிழவில்லை. எல்லாம் கரையிலேயே நஷ்டப்பட்டன. ஜோ டி குரூஸின் 'கொற்கை' நாவல் இந்த உலகத்தை எழுதியது. 2013இல் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. நாவல் எழுதப்பட்ட அளவுக்குக்கூட வரலாறு எழுதப்படவில்லை என்பது என் மனத்தாங்கல்.

ஆனாலும் தோணி இன்னும் இருக்கிறது. 1980களுக்குப் பிறகு இன்ஜின் வந்தது, பாய் துணைக்கு ஆயிற்று, பிறகு அதுவும் குறைந்தது. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் ஓட்டம் கிடையாது. மற்ற மாதங்களில் மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் வெங்காயம், காய்கறி, கட்டுமானச் சாமான் என்று ஏற்றுகிறார்கள். பெரிய கப்பல் போய் நிற்க இடமில்லாத, போனாலும் கட்டுப்படியாகாத சின்னச் சின்னத் தீவுகள் உலகத்தில் இருக்கிறவரை அந்த வேலையும் இருக்கும். பழைய துறைமுகத்தில் ஒரு தோணி நிற்கும்போது போய்ப் பாருங்கள். மூட்டைகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருக்கும். தண்டல் மேலே நின்று இன்னும் ரெண்டு வரிசை இடப்பக்கம் போடச் சொல்லிக் கையைக் காட்டுவார். வெங்காய மூட்டைக்குக் காற்றுப் போக இடைவெளி விட்டுத்தான் அடுக்குவார்கள்; மூடினால் மாலே போவதற்குள் அழுகத் தொடங்கிவிடும்.

அப்படி ஒரு முறை போய் நின்றபோது, "எப்ப கிளம்பும் அண்ணாச்சி?" என்று கேட்டேன். தண்டல் வானத்தைப் பார்ப்பார் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவர் கேட் பக்கம் பார்த்தார்.

"கஸ்டம்ஸ்ல பேப்பர் வரணும் சார். காத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு."